ஆளில்லா ரயில் நிலையம் ஒன்றில் அப்பாவை உட்கார வைக்க வேண்டும்: நகோயா பக்கம் எது நல்லது?

கயல்_திருச்சி:

வணக்கம். டிசம்பரில் பத்து நாள் ஜப்பான் போகிறோம், நானும் அப்பாவும். தம்பி நகோயாவில் வேலை பார்க்கிறான், அவன் வீட்டில்தான் தங்கல். கோட்டை, கோயில், புல்லட் ரயில் எல்லாம் அவன் பார்த்துக்கொள்வான். நான் கேட்க வந்தது வேறு.

அப்பா ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 36 வருட சர்வீஸ். அதில் பாதிக்கு மேல், மீட்டர்கேஜ் காலத்தில், ஒற்றைப் பாதையில் இருந்த சின்னச் சின்ன ஸ்டேஷன்களில். ஜப்பானில் கிராமத்துப் பக்கம் ஊழியரே இல்லாத நிலையங்கள் இருப்பதை ஒரு வீடியோவில் பார்த்தார். அன்றிலிருந்து ஒரே கேள்வி: "மாஸ்டரே இல்லாம லைன் கிளியர் யாரு குடுக்கறது? டோக்கன் யாரு கையில இருக்கு?" ஒற்றைப் பாதையில் வண்டியை அனுப்பலாம் என்ற அனுமதிதான் லைன் கிளியர், அதற்கு அடையாளமாக டிரைவரிடம் கொடுப்பது டோக்கன். எனக்குப் பதில் தெரியவில்லை.

அப்படி ஒரு நிலையத்தில் அவரை இறக்கி ஒன்றிரண்டு மணி நேரம் சும்மா உட்கார வைக்க ஆசை. ஒரே நாளில் போய்த் திரும்ப முடிய வேண்டும். டிக்கெட் கொடுக்க ஆளில்லை என்றால் எப்படி எடுப்பது? அவருக்கு 71 வயது, வலது முழங்காலில் வலி. சுத்த சைவம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பனிமலை_ராகவன்:

டோயாய் நிலையத்தை விட்டுவிடாதீர்கள். குன்மா மாகாணத்தில், தனிகாவா மலையடிவாரத்தில் இருக்கிறது. நீகாட்டா பக்கம் போகும் வண்டிக்கான பிளாட்ஃபார்ம் மலைக்குள், சுரங்கப்பாதையில். இறங்கி நிமிர்ந்து பார்த்தால் படிக்கட்டு ஒரு நேர்க்கோடாக மேலே போய்க்கொண்டே இருக்கும். 462 படி, அதைத் தாண்டி இன்னும் 24. மொத்தம் 486 ஏறினால்தான் வாசல். கோடையில் போனேன், அடியில் நின்றபோது குளிர்சாதனப் பெட்டிக்குள் நிற்பதுபோல இருந்தது. திரும்பும் வண்டிக்கான பிளாட்ஃபார்ம் மட்டும் மேலே தரைமட்டத்தில் இருக்கிறது.

டென்ரியூ_செந்தில்:

ராகவன் சொன்ன இடம் அருமையானது, ஆனால் முழங்கால் வலியோடு 486 படி வேண்டாம். நகோயாவிலிருந்து தூரமும் அதிகம்.

நான் ஒன்பது வருடமாக டொயோகவாவில் இருக்கிறேன். வீட்டு வாசலிலிருந்து எட்டு நிமிட நடையில் ஈடா ரயில் பாதை. உங்கள் அப்பாவுக்கு அந்தப் பாதைதான். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நகோயாவுக்குத் தென்கிழக்கே உள்ள டொயோஹாஷியில் தொடங்கி வடக்கே டட்சுனோ வரை 195.7 கிலோமீட்டர், 94 நிலையம். இரண்டு கிலோமீட்டருக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு தனியார் கம்பெனிகள் துண்டு துண்டாகப் போட்ட பாதை என்பதால் இத்தனை நிலையம். 1943இல் அரசு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. நடுவில் டென்ரியூ ஆற்றுப் பள்ளத்தாக்கு வருகிறது, செங்குத்தான பாறை. அங்கே பாதைக்கு அளவெடுத்தது வடக்கே ஹொக்கைடோவிலிருந்து வந்த கவாமுரா கனெட்டோ என்ற, ஐனு பூர்வகுடியைச் சேர்ந்த நில அளவையாளரும் அவருடைய ஆட்களும். ஐனு மக்கள் மிகவும் இழிவாக நடத்தப்பட்ட காலம் அது. அந்த மனிதர் பாறையில் தொங்கி அளந்து கொடுத்த வழியில்தான் 1937இல் பாதை முழுமையாக இணைந்தது. அந்தப் பகுதியைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும். அப்பாவிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள், ரயில்வேக்காரருக்கு இதன் அருமை தெரியும்.

இறங்க வேண்டிய இடம் கொவாடா. டொயோஹாஷியிலிருந்து சாதாரண வண்டியில் இரண்டரை மணி நேரம்போல ஆகும். 1936இல் திறந்த நிலையம், மரக் கட்டடம். அப்போது கீழே ஊர் இருந்தது. 1956இல் சகுமா அணை கட்டி முடித்தபோது நீர் ஏறி ஊர் மூழ்கிவிட்டது. நிலையம் மட்டும் மேட்டில் நிற்கிறது. கார் வரும் சாலை இன்றுவரை கிடையாது. அடுத்த குடியிருப்புக்கு மலைப்பாதையில் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். கீழே சரிவில் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று இடிந்து கிடக்கிறது, துருப்பிடித்த மூன்று சக்கர வண்டி ஒன்றும். சாலையே இல்லாத இடத்தில் வண்டி! நீங்கள் அதுவரை இறங்க வேண்டாம், சரிவு முழங்காலுக்கு ஆகாது. பிளாட்ஃபார்மிலேயே இருங்கள். அங்கே ஒரு மரப் பலகை இருக்கும், மூன்று பக்கம் மூன்று மாகாணங்களைக் காட்டியபடி: ஷிசுவோகா, ஐச்சி, நகானோ. மூன்றும் கூடும் முனை அதன் பக்கத்தில்தான்.

1993இல் மட்டும் இந்த நிலையத்தில் கூட்டம் தாங்கவில்லையாம். அந்த வருடம் பட்டத்து இளவரசர் மணந்த பெண்ணின் குடும்பப் பெயர் ஒவாடா. ஜப்பானிய மொழியில் எழுதும்போது கொவாடாவுக்கும் அதே மூன்று எழுத்து, வாசிப்புதான் வேறு.

சரி, டிக்கெட் விஷயம். டொயோஹாஷியில் ஆள் இருக்கிறார்கள், கொவாடாவுக்குக் காகிதச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தட்டினால் கட்டணம் கழியும் ஐசி கார்டை நம்பி மலைக்குள் போகாதீர்கள். திரும்பி வரும்போது சீட்டு கொடுக்க யாரும் இருக்க மாட்டார்கள். வண்டியின் முகப்பில் 'ஒன்மேன்' என்று போட்டிருந்தால் டிரைவர் ஒருவர்தான். முதல் பெட்டியின் பின்கதவில் ஏறுங்கள், உள்ளே சின்னப் பெட்டியிலிருந்து எண் போட்ட துண்டுச் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பெயர் செய்ரிகென். எங்கே ஏறினீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. இறங்கும்போது முன்கதவு, டிரைவர் பக்கத்தில். நீங்கள் டொயோஹாஷி வரை வருவதால் அங்கே ஊழியரிடம் அந்தத் துண்டைக் காட்டிக் கட்டணம் கொடுத்தால் போதும். கண்டக்டர் வரும் வண்டியும் உண்டு, அப்போது அவரே வந்து சீட்டுப் போடுவார். ஆயிரம் யென் தாளும் சில்லறையும் கையில் இருக்கட்டும், பெரிய நோட்டு வண்டியில் மாறாது. கதவு தானாகத் திறக்காவிட்டால் பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்துங்கள்.

முதல் பெட்டி என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஜப்பான் வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு சின்ன நிலையத்தில் இறங்க இரண்டாவது பெட்டிக் கதவருகே நின்றேன். பொத்தானை அழுத்துகிறேன், கதவு திறக்கவில்லை. ஆளில்லா நிலையங்களில் முதல் பெட்டி மட்டும்தான் திறக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. வண்டி கிளம்பிவிட்டது. அடுத்த நிலையத்தில் இறங்கினேன், அதுவும் ஆளில்லாதது. திரும்பும் வண்டிக்கு ஒரு மணி ஐம்பது நிமிடம்.

அந்த நிலையத்தின் பெயரைச் சொல்லவில்லை, காரணம் பிறகு புரியும். காத்திருக்கும் அறைக்குள் போனால் நீள மர பெஞ்சு, அதன் மேல் வரிசையாக ஐந்து மெத்தைத் திண்டு. கடையில் வாங்கியவை இல்லை. பழைய கிமோனோத் துணியைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஓரத்தில் பெரிய தையல் போட்டுத் தைத்தவை. ஒன்றில் நீலப் பூ, ஒன்றில் வெறும் கோடு. சுவரில் கால அட்டவணை. இடப் பக்கம் ஐந்து மணி முதல் இரவு வரை மணிகளை எழுதி, எதிரே நிமிடம் போட்டிருந்தது. பல மணிகளுக்கு எதிரே ஒன்றுமே இல்லை, வெள்ளைக் கட்டம். நான் சிக்கிக்கொண்டது அப்படி ஒரு வெள்ளைக் கட்டத்துக்குள்.

மூலையில் பிஸ்கட் டப்பா. திறந்தால் உள்ளே ஒரு பள்ளிக்கூட நோட்டு, கம்பளி நூலில் கட்டிய பேனா. எகி நோட்டோ என்பார்கள். 'எகி' என்றால் நிலையம், மற்றது நாம் சொல்லும் நோட்டுதான். வருகிறவர்கள் எழுதிவைத்துவிட்டுப் போகலாம். மழை, காதல், பரீட்சையில் தோல்வி, இன்று ஒரு மானைப் பார்த்தேன், எல்லாம் இருந்தது. அட்டையில் பதினேழாவது நோட்டு என்று எழுதியிருந்தது. பதினாறு நோட்டு நிரம்பியிருக்கிறது, ஒவ்வொரு முறையும் யாரோ புதிதாக வாங்கிவந்து வைத்திருக்கிறார்கள்.

அந்த யாரோ அன்றைக்கே வந்தார். எண்பதைத் தொட்ட அம்மா ஒருவர், கையில் விளக்குமாறு. என்னைப் பார்த்துத் தலை குனிந்தார், கூட்டினார், திண்டுகளைத் தட்டி நேராக வைத்தார், ஏப்ரன் பையிலிருந்து இரண்டு ஆரஞ்சுப் பழத்தை எடுத்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். ரயில்வே அவருக்குச் சம்பளம் தரவில்லை. அவருடைய கணவர் ஒரு காலத்தில் அந்த நிலையத்தில் வேலை பார்த்தவர் என்பது மூன்றாவது முறை போனபோதுதான் தெரிந்தது. பெயரை இணையத்தில் போடாதே, கூட்டம் வந்தால் என்னால் கூட்ட முடியாது என்று சொன்னார். அதனால்தான்.

ஆளில்லா நிலையம் என்று நாம் சொல்வது சரியில்லை என்று அன்றிலிருந்து எனக்குத் தோன்றுகிறது. சம்பளத்துக்கு ஆளில்லை, அவ்வளவுதான். எந்த நிலையத்தில் இறங்கினாலும் முதலில் தரையைப் பாருங்கள். இலை உதிரும் மாதத்தில் தரை சுத்தமாக இருந்தால் அங்கே யாரோ இருக்கிறார்கள்.

இப்போது அப்பாவின் கேள்வி. இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். டோக்கன் யார் கையிலும் இல்லை ஐயா! இங்கேயும் முன்பு இருந்தது. ஒற்றைப் பாதையில் டேப்லெட் என்ற வட்டத் தகட்டை வளையத்தில் மாட்டி, வண்டிகள் ஒன்றையொன்று கடக்கும் நிலையங்களில் மாஸ்டரும் டிரைவரும் மாற்றிக்கொள்வார்கள். அதனால் பயணி யாருமே வராத இடத்திலும் ஆள் இருந்தே ஆக வேண்டும். பிறகு தண்டவாளத்தில் மின்சுற்று வைத்து, எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று ஒரே கட்டுப்பாட்டு அறையில் விளக்கெரிந்து தெரியும்படி செய்தார்கள். வண்டியைத் தடம் மாற்றும் பாயின்ட், சிக்னல் எல்லாம் அங்கிருந்தே மாறும். இந்தப் பாதையில் அது 1980களில் வந்தது. அதே சமயத்தில் சிறு நிலையங்களில் சரக்கு, பார்சல் பிடிப்பதும் நின்றது, 1987இல் தேசிய ரயில்வேயைப் பிரித்துத் தனியார்மயம் ஆக்கினார்கள். டிக்கெட் விற்க மட்டும் ஆள் வைக்க யாருக்கும் கட்டுப்படியாகவில்லை. மக்கள் குறைந்ததால் ஆளை எடுத்தார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள், அது பாதி உண்மை. மீதிப் பாதி அந்த டோக்கன்.

மாஸ்டர் செய்த வேலையில் கொஞ்சம் டிரைவரிடம் போயிருக்கிறது. வண்டி கிளம்பும்போது அவரைக் கவனிக்கச் சொல்லுங்கள். வெள்ளைக் கையுறை போட்ட விரலைச் சிக்னலை நோக்கி நீட்டி, வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் எடுப்பார். பக்கத்தில் ஒருவருமே இல்லாவிட்டாலும் சொல்வார்.

சாப்பாடு: கொவாடாவில் கடை கிடையாது, பானம் விற்கும் இயந்திரம்கூடக் கிடையாது. டொயோஹாஷியில் விற்கும் இனாரி சோறு, அதாவது பொரித்த டோஃபு பைக்குள் அடைத்த சோறு, பார்க்கச் சைவம் மாதிரி இருக்கும், ஆனால் அதன் சாற்றில் மீன் சேர்ந்திருக்கலாம். புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள், பிளாஸ்கில் வெந்நீரும். டிசம்பரில் அந்தப் பள்ளத்தாக்கில் வெயில் சீக்கிரம் மறைந்துவிடும், காலை வண்டியாகப் பிடியுங்கள். திரும்பும் வண்டிக்கு நேரம் அதிகமிருந்து குளிரும் தாங்கவில்லை என்றால், எதிர்த்திசையில், அதாவது டட்சுனோ பக்கம், எந்த வண்டி முதலில் வருகிறதோ அதில் ஏறி ஹிராவோகா போய்விடுங்கள். நிலையக் கட்டடத்திலேயே விடுதியும் வெந்நீர்க் குளியலும் இருக்கிறது.

இவ்வளவு தூரம் முடியாது என்றால் யுயா ஒன்சென் நிலையம். பாதி வழிக்கும் குறைவு, ஆற்றோரம், வெந்நீர் ஊற்று ஊர். அதுவும் ஆளில்லாததுதான், ஆனால் வெளியே வந்தால் மனிதர்கள் இருப்பார்கள்.

ஓய்டா_நிர்மலா:

செந்தில் அண்ணா எழுதியதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது, கோபமில்லாமல் சொல்கிறேன். நான் இங்கே பராமரிப்பு இல்லத்தில் வேலை பார்க்கிறேன். சக்கர நாற்காலியில் இருப்பவரோடு ஆளில்லா நிலையத்தில் ரயில் ஏற வேண்டுமானால் முன்கூட்டியே போன் செய்து, பிளாட்ஃபார்முக்கும் பெட்டிக்கும் நடுவே பலகை போட ஆளை வரவழைக்க வேண்டும். நினைத்தவுடன் கிளம்ப முடியாது. 2020இல் இந்த ஓய்டா மாகாணத்தில் மாற்றுத்திறனாளிகள் இதற்காக வழக்கே போட்டார்கள். 2022இல் அரசு வழிகாட்டுதல் ஒன்றும் வெளியிட்டது. நாட்டில் இருக்கும் ஒன்பதாயிரத்துச் சொச்சம் நிலையங்களில் ஏறக்குறைய பாதியில் இப்போது ஊழியர் இல்லை. நாம் அமைதியைப் பார்க்கப் போகிறோம். அங்கேயே வாழ்கிறவர்களுக்கு அது வேறு மாதிரி.

டென்ரியூ_செந்தில்:

நீங்கள் சொல்வது முழுக்கச் சரி நிர்மலா. அந்த அம்மாவே இப்போது ஆஸ்பத்திரிக்கு ரயிலில் போவதில்லை, மகள் காரில் வந்து கூட்டிப்போகிறாள். பிளாட்ஃபார்முக்கு ஏறும் ஏழு படி அவருக்கு முடியவில்லை. கைப்பிடிக் கம்பி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

சிபா மாகாணத்தில் எமி என்ற நிலையத்தில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். 2020இல் நிலையத்தையும் தபால் நிலையத்தையும் ஒன்றாக்கி, தபால் ஊழியரே ரயில் டிக்கெட்டும் கொடுக்கிறார். இன்னும் நிறைய ஊர்களில் இதைச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

மாடசாமி_தென்காசி:

ஒரே ஒரு பள்ளி மாணவிக்காக ஹொக்கைடோவில் ஒரு நிலையத்தையே மூடாமல் வைத்திருந்தார்களே, அது எது? போக முடியுமா?

டென்ரியூ_செந்தில்:

பழைய ஷிராடாக்கி, அதாவது க்யூ ஷிராடாக்கி. இப்போது இல்லை, 2016 மார்ச் 26இல் மூடிவிட்டார்கள். அங்கிருந்து தினமும் பள்ளிக்குப் போன மாணவி ஒருவர் இருந்தது உண்மை, அந்த மார்ச்சில் அவர் படிப்பை முடித்ததும் உண்மை. ஆனால் அவருக்காக மட்டுமே நிலையத்தை வைத்திருந்தார்கள் என்பது இணையத்தில் ஊதிப் பெரிதான கதை. இங்கே கால அட்டவணை வருடா வருடம் மார்ச்சில் மாறும். அந்த மாற்றத்தில் அதே பாதையில் பக்கத்து நிலையங்களும் சேர்ந்தே மூடப்பட்டன.

நிஜமாகவே ஒரு நிலையத்தைப் பிடித்து வைத்திருப்பவர்களைப் பற்றிக் கேட்டால் கொபோரோவைச் சொல்வேன். அதுவும் ஹொக்கைடோதான். இரண்டு சுரங்கங்களுக்கு நடுவே ஒரு கீற்று வெளிச்சம், அங்கே நிலையம், சாலை இல்லை. 2015இல் மூடப் போவதாகப் பேச்சு வந்தது. டொயோவுரா என்ற அந்தச் சின்ன ஊராட்சி பராமரிப்புச் செலவை நாங்கள் ஏற்கிறோம் என்று முன்வந்தது, 2016 முதல் அப்படித்தான் நடக்கிறது. மாணவி கதையைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கயல்_திருச்சி:

போய் வந்து இரண்டு வாரம் ஆகிறது. எழுத நேரமே கிடைக்கவில்லை, மன்னிக்கவும்.

கொவாடாவுக்கே போனோம். முதல் பெட்டி, பின்கதவு, எண் சீட்டு, எல்லாம் செந்தில் அண்ணா சொன்னபடியே. எங்களோடு இறங்கியது ஒரு கல்லூரிப் பையன் மட்டும். வண்டி கிளம்பும்போது அப்பா தன்னையறியாமல் பிளாட்ஃபார்ம் ஓரம் போய் நிமிர்ந்து நின்று கையை உயர்த்தினார், பச்சைக் கொடி காட்டுவதுபோல. டிரைவர் விரலை நீட்டிச் சிக்னலைச் சொல்லிவிட்டு, அப்பாவைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். வண்டி சுரங்கத்துக்குள் போய்ச் சத்தம் அடங்கும்வரை அப்பா அப்படியே நின்றார்.

புளியோதரை சாப்பிட்டோம். அப்பா அதிகம் பேசவில்லை. "தரை சுத்தமா இருக்கு பாரு" என்றார். நான் உங்கள் பதிவை அவருக்குப் படித்துக் காட்டியிருந்தேன். அப்புறம் நோட்டை எடுத்துக் கொடுத்தேன், ஏதாவது எழுதுங்கள் என்றேன். ஸ்கேல் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. டிக்கெட்டின் ஓரத்தை வைத்துக் கோடு போட்டார், நான்கு கட்டம். வண்டி எண், வந்த நேரம், சென்ற நேரம், குறிப்பு. அந்தக் காலத்து ரிஜிஸ்டர் மாதிரியே. நாங்கள் வந்த வண்டியை முதல் வரியில் எழுதினார். நடுவில் எதிர்த்திசையில் ஒரு வண்டி வந்துபோனது, அதை இரண்டாவது வரியில். மூன்றாவது வரியில் நாங்கள் ஏறப்போகும் வண்டி. அது வந்து நின்றபிறகு கடிகாரத்தைப் பார்த்து வந்த நேரத்தை நிரப்பிவிட்டு ஓடிவந்து ஏறினார். சென்ற நேரக் கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது.

செந்தில் அண்ணா, நீங்கள் அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் அந்தக் கட்டத்தை நிரப்பிவிடுங்கள். அட்டவணைப்படி எடுத்தான், ஒரு நிமிடம்கூடத் தாமதமில்லை என்று அப்பா சொல்லச் சொன்னார்.